புதுப்பிப்பு: அடாப்டர் கார்டில் போட்ட எஸ்எஸ்டி ஏன் 800-ஐத் தாண்டவில்லை

போன பதிவில் புலம்பியது இதுதான்: பழைய டெஸ்க்டாப்பில் எம்.2 ஸ்லாட் (சின்ன எஸ்எஸ்டியை நேரே செருகும் இடம்) இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் கார்டு வாங்கி என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்எஸ்டியை மாட்டினேன். வாசிப்பு வேகம் நொடிக்கு 800 எம்பியோடு நின்றுவிட்டது.

குற்றம் கார்டின் மேல் இல்லை. நான் செருகிய கீழ் ஸ்லாட் பார்க்கத்தான் பதினாறு லேன் (தரவு போகும் தடம்) நீளம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அதற்கு இரண்டு லேன் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது, அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸின் இரண்டாம் தலைமுறை. ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பிதான் உச்சம், இரண்டுக்கு 1,000; நடைமுறை இழப்பு போக 800 என்றால் கணக்கு சரியாகத்தானே வருகிறது! நான்கு லேனுக்கு மாற்றினேன், 1,600-ஐத் தொட்டது. பழைய டிஸ்க் இணைப்பான சாட்டாவின் 550-க்கு இது எவ்வளவோ தேவலை.

அப்புறம் பார்த்தால் வைஃபை காணோம். டிரைவரை இரண்டு முறை நிறுவியும் பலனில்லை. மதர்போர்டு கையேட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி: நான்கு லேன் கொடுத்தால் சின்ன ஸ்லாட்டுகள் செயலிழக்கும். வைஃபை கார்டு இருந்தது அவற்றில் ஒன்றில்தான். இப்போது யுஎஸ்பி வைஃபையில் ஓடுகிறது.

பூட் (கணினியைத் தொடங்குவது) விஷயம்: இந்தப் பழைய பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. பயாஸைத் திருத்தி ஏற்றும் வழியும் உண்டு, எனக்குத் துணிச்சல் இல்லை. லினக்ஸின் பூட் பகுதியை மட்டும் பழைய சாட்டா டிஸ்கில் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டேன்.

இரண்டு எஸ்எஸ்டி போடும் மலிவான கார்டை வாங்க நினைப்பவர்கள் முதலில் போர்டில் ஒரே ஸ்லாட்டின் லேன்களை இரண்டு எஸ்எஸ்டிக்கும் பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணினிக்கு ஒரு எஸ்எஸ்டிதான் தெரியும்.