'இன்னும் ஒரு கிலோமீட்டர்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓடலாமா?

ஐந்துமணி:
நேற்று 18 கிலோமீட்டர். 14 தாண்டியதும் கால் கனத்துவிட்டது. "நீ நிற்கமாட்டே, அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போ" என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லியே முடித்தேன். எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர், "மனசை வைத்து உடம்பை ஏமாற்றாதே" என்கிறார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 2014-இல் வந்த ஓர் ஆய்வில் 24 பேரைச் சைக்கிளில் களைத்து விழும்வரை மிதிக்க வைத்தார்கள். பிறகு பாதிப் பேர் இரண்டு வாரம் தமக்குத் தாமே பேசிக்கொள்ளப் பழகினார்கள். அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்குக் கூடவில்லை. மிதிக்கும்போது களைப்பும் அவர்களுக்குக் குறைவாகத் தெரிந்தது. அப்படியென்றால் நாம் நிற்கிற இடம் உடம்பின் கடைசி எல்லை இல்லை.

தாழை:
களைப்பு குறைவாகத் தெரிந்தது என்கிறீர்களே, என் பயமே அதுதான் தம்பி. சைக்கிளில் எலும்பு தரையில் மோதுவதில்லை. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் மோதல்தான். போன வருடம் எனக்கு இடது கெண்டைக்கால் எலும்பில் ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் வலி. பயிற்சி கொடுத்தவர் "வலியோடு பேசு, அது போய்விடும்" என்றார். பேசினேன். மூன்று வாரம் நன்றாகவே பேசினேன். அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்பில் கீறல். பத்து வாரம் ஓட்டமே இல்லை. எச்சரிக்கை மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்ள நானே பழகியிருந்தேன்.

ஐந்துமணி:
அக்கா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சியாளர் சொன்னது தப்பு என்பதற்காகப் பேச்சே தப்பு என்று ஆகிவிடுமா? நான் புதிதாகக் கூட்டி வருகிறவர்கள் மூன்றாவது கிலோமீட்டரில் நிற்கிறார்கள். எலும்பு வலித்து அல்ல, "என்னால் முடியாது" என்று முதல் நிமிடத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வருவதால். அதுவும் தனக்குத் தானே பேசுவதுதானே? 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடிய பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் ஓடும்போது நூறு வரை எண்ணுவாராம். மூன்று முறை எண்ணினால் ஏறக்குறைய ஒரு மைல். அதில் வலியை மறுக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அடுத்த அடியை மட்டும் பார்க்கிற பேச்சு அது.

நீள்தூரம்:
எண்ணுவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. எனக்குப் பிரச்சினை வெயில்தான். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் காலை ஆறு மணிக்கே வியர்வை காயாது. உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, அதனால் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடிக்கிறது. அப்போது வேகம் குறைவதைப் பார்த்து "சோம்பேறி, ஓடு" என்று திட்டிக்கொள்கிறோம். தலை சுற்றுகிறது, அந்தப் புழுக்கத்தில் உடம்பு சில்லிடுகிறது என்றால் நிற்க வேண்டும், நிழலுக்குப் போக வேண்டும். அங்கே ஊக்கப் பேச்சுக்கு வேலையே இல்லை.

ஐந்துமணி:
வெயில் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "உடம்பு சொல்வதைக் கேள்" என்பதும் பாதி நாள் சாக்குதான். மழை பெய்தால் என் உடம்பு தினமும் ஓய்வு கேட்கும்.

தாழை:
கேட்கட்டும். அந்த நாளில் பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். சோம்பல் என்றால் அதற்குள் போய்விடும். எலும்புக் கீறல் ஓட ஓடக் கூடும். நான் இப்போது எனக்குச் சொல்வதையே மாற்றிவிட்டேன். "முடியும், முடியும்" என்பதற்குப் பதிலாகக் கேள்வி. எங்கே வலி? விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா? நடை கோணுகிறதா? கால் முழுக்கப் பரவிய கனம் என்றால் உங்கள் விளக்குக் கம்பம் வரை நானும் வருவேன். ஒரே இடத்தில் குத்தினாலோ, நொண்டினாலோ ஆட்டோ பிடித்து வீட்டுக்கு.

இன்னொன்று. ஓய்வு நாளில் நான் என்னிடம் பேசியதுதான் ஓடும்போது பேசியதைவிட மோசம். "இன்னிக்கு ஓடலைன்னா எல்லாம் போச்சு" என்று காலையிலிருந்து இரவு வரை. அந்தப் பத்து வாரத்தில் கால் ஆறுவதற்கு முன்னால் அதைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இன்னும் முழுதாக நிற்கவில்லை.

ஐந்துமணி:
அது எனக்கும் இருக்கிறது அக்கா. திங்கட்கிழமை ஓய்வு என்று அட்டவணையிலேயே போட்டிருக்கிறேன், ஆனாலும் ஷூவைக் கட்டிவிடுகிறேன். ஆனால் மழை நாள் பற்றி நான் சொன்னதை விட்டுக்கொடுக்கமாட்டேன். இந்தத் திங்கள் ஷூவை எடுக்காமல் இருந்து பார்க்கிறேன்.