ஆட்டம் பெரிதானதும் எல்லாருக்கும் மந்தமாகிறது: கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

பத்திரிகைக்கடை (வேலூர்)

சைதாப்பேட்டையில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்போம். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதே கணினியில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற, படை திரட்டிப் போர் நடத்தும் ஆட்டம் ஆடுவேன். கல்லூரி நாளில் ஆற்காட்டு பிரவுசிங் சென்டரில் பிடித்த பழக்கம். 2019-இல் புதுப்பித்த பதிப்பு வந்ததும் மறுபடி தொற்றிக்கொண்டது.

நாங்கள் மூவர் ஓர் அணி: நான், ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கும் பள்ளித் தோழன், சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா மகன். எதிரே முகம் தெரியாத மூவர். முதல் அரைமணி நேரம் வெண்ணெய் போல ஓடும். ஆளுக்கு இருநூறு உருவம் சேர்ந்ததும் என் குதிரைகள் பாலாற்று மணலில் கால் புதைந்ததுபோல நடக்கின்றன. எனக்கு மட்டுமல்ல, ஆறு பேருக்கும். "மாமா, எல்லாரையும் பிடித்து இழுப்பது நீங்கள்தான்" என்கிறான் மருமகன். சைதாப்பேட்டையில் இருக்கும் பெட்டி சிங்கப்பூர்க்காரனை எப்படி இழுக்கும்? தோற்பவன் சொல்லும் சாக்கு என்று விட்டுவிட்டேன்.

ஆனால் போன மாதம் இரண்டு முறை ஆட்டத்தின் நடுவே கணினியே அணைந்துவிட்டது. இணையம் தருபவர்களைக் கேட்டால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்ற பாட்டு. கணினி விற்பவர், பதினாலாயிரத்துக்குக் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார். ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம், 2017-இல் வாங்கியது. ரூட்டர் மாடியில் வீட்டில் இருக்கிறது, கடைக்கு வைஃபை. முகூர்த்த மாதம் முடிந்ததால் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. செலவழிக்கவா?

மதில்_மேல் (காட்பாடி)

பணத்தைப் பூட்டி வையுங்கள் ஐயா. உங்கள் மருமகன் சொன்னது சாக்கு அல்ல.

இந்த ஆட்டத்தில் படையெல்லாம் ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது, நமக்குப் படம் மட்டும் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆறு பேர் கணினியிலும் முழு உலகமும் தனித்தனியாக ஓடுகிறது. கம்பி வழியே போவது "இந்தக் குதிரைகள் அங்கே போகட்டும்" என்ற கட்டளை மட்டும். 1999-இல் வந்தபோது டயல்-அப் இணைப்பில் ஆட முடிந்ததற்கு அதுவே காரணம். ஆயிரம் வில்லாளிகளின் இருப்பிடத்தையும் நொடிக்கு நொடி அனுப்பினால் அந்த மோடம் என்ன ஆகும்!

இதற்கு ஒரு விலை உண்டு. எல்லாரும் ஒரே அடியில் நடக்கவேண்டும். சாமி தூக்குகிறவர்களில் ஒருவர் கால் தளர்ந்தால் பல்லக்கே நிற்கிறதல்லவா? உலகை ஓட்டும் கணக்குப் போடும் வேலை பெரும்பாலும் கணினியின் மூளையான பிராசசரில் ஒரு கோர் (ஒரு பகுதி) மேல் விழுகிறது. கிராபிக்ஸ் கார்டு படம் வரையத்தான்; அதைத் தொடாது.

புயல்வேகம் (ராணிப்பேட்டை)

இணையம்தான் குற்றவாளி. உடனே வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள். விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணைக்கும் சேவை) போட்டாலும் லேக், அதாவது தாமதம், பறந்துவிடும்.

மதில்_மேல்

தம்பி, விபிஎன் என்பது பெரும்பாலும் சுற்றுவழி. ஆற்காடு போகிறவனை ஆம்பூர் வழியாக அனுப்புவதுபோல. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போய் வர 30 மில்லிசெகண்ட் ஆகியே தீரும்; எந்த நிறுவனமும் அதைக் குறைக்க முடியாது. வியூக ஆட்டத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒரே சீரான தாமதத்துக்குக் கை பழகிவிடும். ஒருமுறை 40, அடுத்தமுறை 400 என்று குதிப்பதுதான் ஆளைக் கொல்லும்.

குதிக்கிறதா என்று பார்க்க, கடையிலிருந்து முதலில் உங்கள் ரூட்டருக்கே பிங் (செய்தி போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். மாடிக்குப் போய்வரவே எண் தாவினால் குற்றம் உங்கள் வைஃபை மேல். ரூட்டர் வரை சீராக இருந்து வெளியே போனதும் தாவினால், அப்போது நிறுவனத்தோடு சண்டை போடலாம்.

கத்தரிவெயில் (ஆம்பூர், பழுதுபார்ப்பு)

இரண்டு நோயைக் கலக்கவேண்டாம். ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டால் மென்பொருள், டிரைவர், ராம் என்று தேடலாம். பெட்டியே சட்டென்று இருண்டால் சூடு அல்லது மின்சாரம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் (கணினியில் நடப்பதைப் பதிந்துவைக்கும் இடம்) அந்த நேரத்தில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கும். அது "ஒழுங்காக அணையவில்லை" என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் மின்சாரம் தரும் பாகம்) மாற்றச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

எனக்கு மூன்று கேள்விகள். கடைக்குக் கூரை என்ன? பத்திரிகை வெட்டும் மேசை எங்கே இருக்கிறது? கடைசியாகப் பெட்டியைத் திறந்தது எப்போது?

பத்திரிகைக்கடை

தகரக் கூரை. வெட்டும் மேசைக்குக் கீழேதான் பெட்டி. திறந்ததே இல்லை.

கத்தரிவெயில்

நினைத்தேன். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், ஊருக்குப் பட்டப்பெயரே வெயிலூர். அங்கே ஏழெட்டு ஆண்டுக் காகிதத் தூளோடு ஒரு பிராசசர் மதியம் இரண்டு மணிக்குப் போர் நடத்துகிறது! 100 டிகிரியை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்: அதுதான் உங்கள் மணல். அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். அரைமணி கழித்துத் தொடங்குவதும் பொருந்துகிறது.

பிரிண்டருக்கு வைத்திருக்கும் பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். பிராசசரின் சூட்டை வாங்கும் உலோகமான ஹீட்சிங்க்கைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைக்கவேண்டும், மிளகளவு போதும்.

பத்திரிகைக்கடை

செய்துவிட்டேன். விசிறிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே கம்பளி போல ஓர் அடுக்கு. ஊதினால் போகவில்லை, இடுக்கியால் உரித்தேன். அதில் தங்க ஜிகினா வேறு. எந்த வீட்டுக் கல்யாணமோ!

முன்பு ஆட்டத்தில் 98 டிகிரி காட்டியது, இப்போது 79. ரூட்டருக்குப் பிங் அடித்ததில் எண் குதித்தது உண்மைதான், மாடியிலிருந்து கேபிள் இறக்கிவிட்டேன். மொத்தச் செலவு அறுநூறு ரூபாய்க்குள். நேற்று ஒன்றேகால் மணி நேர ஆட்டம், யாரும் திட்டவில்லை. பெட்டியும் அணையவில்லை. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் லேசாகத் திணறியது.

வெயில் ஏறுமுன் காலை ஆறு மணிக்கு ஆடலாம் என்றேன். ஆரணிக்காரன் தறிமேடையில் எழுந்து பழகியவன், சரி என்றான். சிங்கப்பூரில் அப்போது எட்டரை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் கண் திறக்கமாட்டேன் என்கிறான் மருமகன். அதற்கு ஏதாவது பேஸ்ட் இருந்தால் சொல்லுங்கள்.