இரண்டு துளையிலும் எரிந்த டெஸ்டர்

கோத்தகிரியில் எங்களுடையது தகரக் கூரையும் மரப்பலகை மச்சும் போட்ட பழைய வீடு. ஒயரிங்கும் அந்தக் காலத்து மரச்சட்ட வேலைதான். போன ஐப்பசி மழையில் ஒரு மாலை, சமையலறையிலும் பின்கட்டிலும் மட்டும் விளக்கு அணைந்துவிட்டது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது.

பிளக்கில் டெஸ்டரை வைத்தேன். மின்சாரம் வரும் பேஸ் ஒயர் உள்ள வலது துளையில் எரிந்தது, சரி. அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் உள்ள இடது துளையிலும் எரிந்தது! "பேஸ் இரண்டிலும் கலந்துவிட்டது" என்று வீட்டில் பெரிய ஆள் போல அறிவித்தும் விட்டேன்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன், வாசலில் குடையைக்கூட மடக்காமல் கேட்டார்: "விளக்கு சுவிட்சைப் போட்டபடியேவா பார்த்தாய் தம்பி? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வை." அணைத்தேன். இடது துளையில் டெஸ்டர் எரியவில்லை. ஒரு குண்டு பல்பின் சுவிட்சைப் போட்டதும் மறுபடி எரிந்தது.

பேஸில் வரும் மின்சாரம் பல்பு வழியாகப் போய் நியூட்ரலில் திரும்ப வேண்டும். நியூட்ரல் எங்கோ அறுந்திருந்ததால், பல்பைத் தாண்டி வந்து அறுந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஓட்டம் இல்லாததால் விளக்கு எரியவில்லை. அழுத்தம் இருந்ததால் டெஸ்டர் எரிந்தது. நியூட்ரலான கறுப்பு ஒயர் ஒன்றும் செய்யாது என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்று தொட்டிருந்தால் 230 வோல்ட்.

மெயினை அணைத்துவிட்டு மச்சில் ஏறினோம். கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே இணைப்புப் பெட்டி. யாரோ புண்ணியவான் ஒயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார். டேப்பை உரித்தால், செம்பு பச்சைக் களிம்பேறி விரலோடு உதிர்ந்தது. புதுத் துண்டு ஒயரும் திருகு கனெக்டரும் போட்டு, பெட்டியை இடம் மாற்றினோம். அந்தப் பக்கத்து பிளக்குகளுக்கு எர்த் ஒயரே கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அது தனிச் செலவு, தனிக் கதை.

மறுமொழி, கொடைக்கானலிலிருந்து:

உங்கள் வீட்டில் எதுவும் எரியவில்லை. எங்கள் வீட்டில் பிளக்கும் சேர்ந்து எரிந்தது. மார்கழிக் குளிரில் வந்த உறவினர், 2,000 வாட் ஹீட்டரை 6 ஆம்பியர் பிளக்கில் எப்படியோ சொருகிவிட்டார். அது இழுப்பது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். பெட்டியில் இருந்ததோ 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச். அதற்கு இதெல்லாம் ஒரு சுமையா, அசையவே இல்லை. பிளக் பழுத்து இளகி நாறத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் கருவாடு சுடுகிறார்கள் என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.