ஓஎல்லுக்கு இன்னும் ஒம்பது கிழமை: கிளாஸுக்கு விடுறதா, வீட்டில இருத்திப் படிப்பிக்கிறதா?

குளத்தடி:
வணக்கம் எல்லாருக்கும். மகள் இந்தமுறை ஓஎல், பதினோராம் ஆண்டுப் பொதுச்சோதனை, எழுதுறா. நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்கு, மெயின் ரோட்டில இருந்து நாலு கட்டை (மைல்). பள்ளிக்கூடம் முடிஞ்சு கிழமையில நாலு நாள் பக்கத்தில ரியூசன் நடக்குது, அது காணாதெண்டு இப்ப கிளிநொச்சியில கடைசிக்கட்ட ரிவிசன் எண்டு ஒரு நோட்டிஸ் வாட்ஸ்அப் குறூப்பில வந்திருக்கு, சனி ஞாயிறு காலமை ஏழு மணிக்குத் தொடங்கி பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும். கூட்டாளிப் பிள்ளையள் எல்லாம் பேர் குடுத்திட்டினமாம். அவ போறதெண்டா விடியப்புறம் மூண்டரைக்கு எழும்போணும், நான் மோட்டச்சைக்கிளில பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடோணும், அந்தப் பாதையில அந்த நேரம் யானை நிக்கும். முந்தி மார்கழி மழைக்க நடந்த சோதனை, கொரோனாவுக்குப் பிறகு தள்ளித் தள்ளிப் போய் இந்தமுறை மாசி பங்குனியில வருது, அது அருவி வெட்டு நேரம், நானும் வயலில.

காசு பிரச்சினை இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அதைவிட வேற ஒண்டுதான் யோசினை. நேற்று இரவு அவவின்ர விஞ்ஞானக் கொப்பியை எடுத்துப் பாத்தன். மூண்டு கலரில கோடு, பெட்டி போட்டு தலைப்பு, அவ்வளவு வடிவு. மூடிப்போட்டு ஒளித்தொகுப்பு எண்டா என்னெண்டு சொல்லு பாப்பம் எண்டன். "அப்பா, அது இந்தப் பக்கத்தில வலது பக்கம் மேல இருக்கு" எண்டா. எங்க இருக்கெண்டு தெரியுது, என்ன இருக்கெண்டு தெரியேல்ல. விடுறதா மறிக்கிறதா, சொல்லுங்கோ.

பரந்தன் அம்மா:
அண்ணை யோசிக்காம விடுங்கோ. நான் 96ல கிளிநொச்சியில இருந்து இடம்பெயரேக்க ஏழாம் ஆண்டு, அதோட என்ர படிப்பு முடிஞ்சுது. என்ர மகன்ர பள்ளிக்கூடத்தில பத்தாம் ஆண்டு பாதி வருசம் கணக்குக்கு ஆளே இல்லை, வந்த ரீச்சரும் மாற்றலாகிப் போட்டா. அவன் கணக்கில C எடுத்தானெண்டா அது முழுக்க ரியூசன் சேரின்ர புண்ணியம். வீட்டில வச்சுப் படிப்பியுங்கோ எண்டு சொல்லுறது தாய் தேப்பன் படிச்ச வீட்டுக்குச் சரி. எனக்கு மடக்கை எண்டா என்னெண்டே தெரியாது, நான் எப்பிடிப் பிழை பிடிக்கிறது?

கணக்கு மாஸ்டர்:
தங்கச்சி, நீங்கள் சொல்லுறது பத்தாம் ஆண்டுக் கதை, அதில நான் உங்களோட முழுக்கச் சேருவன். பாடம் நடக்காத பிள்ளைக்கு ஆராவது படிப்பிக்கத்தான் வேணும். ஆனா இந்த அண்ணை கேக்கிறது ஒம்பது கிழமைக் கதை. முப்பத்திரண்டு வருசம் முல்லைத்தீவிலயும் துணுக்காய்ப் பக்கமும் படிப்பிச்சனான், கடைசி ரெண்டு மாசத்தில கேட்டுக்கொண்டிருந்து கூடின பிள்ளையை நான் காணேல்ல, எழுதிக் கூடினதைத்தான் கண்டனான்.

கணக்குப் பேப்பரை எடுத்துப் பாருங்கோ. முதலாம் பேப்பர் ரெண்டு மணித்தியாலம், A பகுதியில 25 சின்னக் கேள்வி, ஒண்டுக்கு 2 புள்ளி, B பகுதியில 5 கேள்வி, ஒண்டுக்கு 10. ரெண்டாம் பேப்பர் மூண்டு மணித்தியாலம், பத்துக் கேள்வி செய்யோணும், அதுக்கு 100. ரெண்டும் சேத்து 200, பாஸுக்கு 35 வீதம் எண்டா 70 புள்ளி. கணக்கு வராது எண்டு அழுற பிள்ளை A பகுதியில மட்டும் 40 எடுத்தா மிச்சம் 30 தான் தேடோணும். அந்த A பகுதி பின்னம், வீதம், கோணம், சுருக்குறது, கூடுதலா ஒம்பதாம் பத்தாம் ஆண்டில படிச்சதுகள். அதை ஒரு செமினாரில ஆரும் சொல்லித்தர மாட்டினம், அங்க பெரிய கேள்வியைத்தான் கரும்பலகையில செய்து காட்டுவினம், பிள்ளை பாத்து எழுதும், விளங்கினமாதிரி இருக்கும், வீட்ட வந்து அதே கேள்வியை வெறுந்தாளில செய்யச்சொன்னா மூண்டாம் வரியில நிண்டுடும்.

மல்லாவி ரியூசன்:
மாஸ்டர், நான் பதினொரு வருசமா விஞ்ஞானம் ரியூசன் குடுக்கிறவன், எல்லாரையும் ஒரே தராசில வைக்காதேங்கோ. என்ர கிளாஸில கடைசி மாசம் நான் வாயே திறக்கிறேல்ல, பேப்பரைக் குடுத்து மணிக்கூடு வச்சு எழுதுவிச்சு அங்கயே திருத்திக் குடுக்கிறன். வீட்டில இருந்தா எத்தினை பிள்ளையள் எழுதும்? போன் பக்கத்தில, தம்பி தங்கச்சி கத்தும், ரிவி ஓடும், ஒரு அறை வீடு. பத்துப் பிள்ளை குனிஞ்சு எழுதேக்கதான் பதினோராவது பிள்ளையும் குனிஞ்சு எழுதும். அதோட சோதனைக்குச் சில நாளுக்கு முன்னமே பரீட்சைத் திணைக்களம் ரியூசன், செமினார் எல்லாத்தையும் தடை செய்துபோடும், அதுக்குப் பிறகு எப்பிடியும் பிள்ளையள் தனியத்தான் இருக்கப் போகினம். அதுக்கு முன்னம் இருக்கிற நாளை வீணாக்கச் சொல்லுறீங்களோ?

கணக்கு மாஸ்டர்:
நீங்கள் எழுதுவிக்கிறீங்கள் எண்டா உங்களுக்கு என்ர கும்பிடு தம்பி. அது கிளாஸ் இல்லை, சோதனை மண்டபம். உங்களைமாதிரி பக்கத்தில ஒராள் இருந்தா இந்த அண்ணைக்குக் கிளிநொச்சி ஏன்?

பூந்தோட்டம்:
நான் வவுனியா கல்வியியற் கல்லூரியில படிச்சனான், இப்ப ஆரம்பப் பிரிவில படிப்பிக்கிறன். இதைப் பற்றி ரோடிகரும் கார்ப்பிக்கும் எண்ட ரெண்டு பேர் அமெரிக்காவில செய்த ஆய்வு 2006ல வந்தது. மாணவர் ஒரு பகுதி ஆக்கள் ஒரே பந்தியை நாலு தரம் படிச்சவை, மற்றப் பகுதி ஒரு தரம் படிச்சிட்டு மூண்டு தரம் மூடி வச்சு ஞாபகத்தில இருந்து எழுதினவை. அஞ்சு நிமிசத்தில கேட்டா திரும்பத் திரும்பப் படிச்சவைதான் கூடச் சொன்னவை. ஒரு கிழமை கழிச்சுக் கேக்க மூடி எழுதினவை கிட்டத்தட்ட 61 வீதம், படிச்சவை 40. குளத்தடி அண்ணை, உங்கட மகளின்ர கொப்பிக் கதை இதுதான். கலர் கோடு போடேக்க எல்லாம் தெரிஞ்சமாதிரித்தான் இருக்கும், பிள்ளையில பிழை இல்லை.

நெடுங்கேணி பிள்ளை:
நான் இப்ப ஓஎல்லுக்கு அடுத்த ஏஎல் படிக்கிறன், போன முறை ஓஎல் எழுதினனான். ஒரு பெரிய செமினாருக்குப் போனன், இருநூறு முன்னூறு பேர் இருப்பம், பின்வரிசையில இருந்த எனக்கு கரும்பலகையும் தெரியேல்ல, சவுண்ட் பொக்ஸ் இரைச்சல், மத்தியானத்துக்குப் பிறகு நித்திரை தூங்கி விழுந்தன். வீட்ட வர இரவு எட்டு மணி. அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில ஒண்டும் மண்டையில ஏறேல்ல. எனக்கு உதவினது ஒரு சின்னக் கொப்பி. பேப்பர் செய்து பிழைச்ச கேள்வியை மட்டும் அதில எழுதுவன், விடை எழுத மாட்டன், மூண்டு நாள் கழிச்சு திரும்பச் செய்வன், சரி வந்தா ஒரு கிழமை கழிச்சு இன்னொருக்கா. வரலாறு எனக்குப் பயம், அதுக்கு இலங்கைப் படத்தைக் கைபோன போக்கில கீறி இடங்களைக் குறிச்சுக் குறிச்சுப் பாத்தன். மற்றது ரெண்டாம் பேப்பருக்கு மேலதிகமா 10 நிமிசம் வாசிக்கத் தருவினம், அதில எந்தக் கேள்வி எடுக்கிறது எண்டு தெரிவுசெய்யிறதையும் வீட்டில பழகினன், அது ஆரும் சொல்லித்தரேல்ல.

பரந்தன் அம்மா:
பிள்ளை நீ கெட்டிக்காரி, உன்னால தனிய இருந்து செய்ய ஏலும். என்ர மகன் அப்பிடி இல்லை, பக்கத்தில ஒராள் நிக்கோணும். மாஸ்டர் நான் கேட்டதுக்கு இன்னும் மறுமொழி இல்லை, வீட்டில ஆர் திருத்துறது?

கணக்கு மாஸ்டர்:
நல்ல கேள்வி தங்கச்சி, தட்டிக்கழிக்கேல்ல. பரீட்சைத் திணைக்களத்தின்ர பாஸ்ட் பேப்பரும் புள்ளியிடும் திட்டமும் புத்தகமா அடிச்சு கடையளில விக்கினம். அந்தத் திட்டத்தில விடைக்கு மட்டும் புள்ளி இல்லை, ஒவ்வொரு படிக்கும் இருக்கு. நீங்கள் மடக்கை தெரிஞ்சிருக்கத் தேவையில்லை, பிள்ளையின்ர வரியையும் புத்தகத்து வரியையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒண்டாய் இருக்கோ எண்டு பாக்க ஏழாம் ஆண்டே காணும். ஒண்டாய் இல்லாட்டி ஒரு வட்டம் போடுங்கோ, அந்த வட்டத்தைப் படம் எடுத்து அவன்ர பள்ளிக்கூட ரீச்சருக்கு அனுப்புங்கோ. பக்கத்தில ஒராள் நிக்கோணும் எண்டீங்கள், அந்த ஆள் நீங்கள்தான். படிப்பிக்க வேண்டாம், மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருங்கோ.

குளத்தடி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை செய்து பாத்தம். முத்தத்தில பாய் போட்டு, போனை நான் வாங்கி மடியில கட்டிப்போட்டு, பழைய கணக்கு முதலாம் பேப்பர் ஒண்டு, சரியா ரெண்டு மணித்தியாலம். மூண்டு தரம் தலையைத் தூக்கிப் பாத்தா, நான் ஒண்டும் சொல்லேல்ல. A பகுதியில 31 வந்துது. பிழைச்சதில மூண்டு கேள்வி அவவுக்குத் தெரிஞ்சது, ஒண்டில சதுர சென்ரிமீற்றரை விட்டுட்டா, ரெண்டில கழித்தல் குறி. அதைப் பாத்து அவவுக்கே கோவம். பேந்து இரவு தானா இருந்து பழைய கொப்பிக் கடதாசியில அதே மூண்டையும் திரும்பச் செய்தா.

கிளிநொச்சிக்கு விடுறேல்ல எண்டு முடிவெடுத்திட்டம். இங்க விஞ்ஞானக் கிளாஸ் மட்டும் இருக்கட்டும், மற்ற மூண்டு நாளும் வீட்டில பேப்பர். கூட்டாளியள் போகினம் எண்டு முகம் கொஞ்சம் வாடித்தான் இருக்கு. அருவி வெட்டுக் கிழமையில நான் வயலில நிக்கேக்க தாய் மணிக்கூடு பாக்கிறன் எண்டிருக்கிறா.

பரந்தன் அம்மா:
அண்ணை, கூட்டாளியள் போகேக்க தனிய இருக்கிறது அந்த வயசில லேசில்லை, அதைக் கவனியுங்கோ. பக்கத்துப் பிள்ளையள் ரெண்டு மூண்டு பேரையும் உங்கட முத்தத்துக்குக் கூப்பிட்டு இருத்த ஏலாதோ?

குளத்தடி:
ஓம் அக்கா, அதை நான் யோசிக்கேல்ல. பக்கத்து வளவில ஒண்டு இருக்கு, அதுவும் காசில்லாம கிளிநொச்சிக்குப் போகேல்ல. நாளைக்குப் போய்க் கேக்கிறன்.