கிலாவேயா எரிமலை பாக்கப் போறோம், அம்மாவும் குழந்தையும் கூட வர்றாங்க – டிப்ஸ் சொல்லுங்க

பொன்னி_சாரல்:

வணக்கம் மக்களே, நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு ஹவாய் பிக் ஐலண்ட் போறோம். நான், அவர், ஆறு வயசு பொண்ணு, ஊர்ல இருந்து வந்து எங்ககூட தங்கியிருக்கிற அம்மா. கிலாவேயால லாவா பீறிட்டு அடிக்கிற வீடியோ பாத்ததுல இருந்து பொண்ணு வேற எதைப் பத்தியும் பேச மாட்டேங்குறா. நாம போற அன்னிக்கும் அப்படி இருக்குமா, இல்ல வெறும் பள்ளத்தைப் பாத்துட்டு திரும்பணுமா, இதை முன்கூட்டியே எப்படி தெரிஞ்சுக்கறது? கோனா பக்கம் ரூம் பாத்து வச்சிருக்கோம், இன்னும் புக் பண்ணல. முக்கியமா அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கு, இன்ஹேலர் எடுத்துக்கறாங்க. அந்தப் புகை ஒத்துக்குமா? போய்ட்டு வந்தவங்க விவரமா சொல்லுங்க.

ஹிலோ_மழை:

நான் ஹிலோவுலதாங்க இருக்கேன். முதல்ல ரூம் விஷயம், கோனா வேண்டாம். அங்கிருந்து எரிமலை இருக்கிற நேஷனல் பார்க்குக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஹிலோன்னா முப்பது மைல், முக்கால் மணி நேரம். பார்க் வாசல்லயே வால்கேனோன்னு ஒரு கிராமம் இருக்கு, அங்க ரூம் கிடைச்சா இன்னும் நல்லது. ஏன்னா இந்த எரிமலை உங்க டைம்டேபிளுக்கு வராது, அது ஆரம்பிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்.

இப்ப நடக்கிற வெடிப்பு 2024 டிசம்பர் 23ல ஹலேமாஉமாஉ பள்ளத்துல ஆரம்பிச்சது. தொடர்ந்து ஓடறதில்ல, விட்டு விட்டு வருது. ஒரு தடவை பீறிட்டா பெரும்பாலும் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல, அப்புறம் டப்புனு நின்னுடும், அடுத்தது வர பல நாள் ஆகலாம். சில தடவை ஆயிரம் அடிக்கு மேல எழும்பியிருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னா, நிக்கற நேரத்துல மேக்மா, அதாவது உருகின பாறைக் குழம்பு, அடியில சேர்ந்து சேர்ந்து மலை உச்சியே லேசா உப்பும், அந்த சாய்வை டில்ட்மீட்டர் வச்சு அளக்கறாங்க, பீறிட ஆரம்பிச்சதும் வேகமா இறங்கும். அந்த ஏத்த இறக்கத்தை வச்சுதான் யுஎஸ்ஜிஎஸ்ங்கற அமெரிக்க புவியியல் துறையோட ஹவாய் எரிமலை ஆய்வகம் அடுத்தது இந்த தேதியில இருந்து இந்த தேதிக்குள்ள வரலாம்னு சொல்றாங்க. 1912ல இருந்து இதே வேலையா இருக்கிற ஆளுங்க, அவங்க போடற தினசரி அப்டேட்டைத் தவிர வேற எதையும் நம்பாதீங்க, இன்ஸ்டாவுல வர்றது பாதி பழைய வீடியோ. யூட்யூப்ல அவங்க லைவ் கேமராவும் ஓடுது. எரிமலை வாய்க்குள்ள லாவா ததும்பி வழிஞ்சு வழிஞ்சு வத்தறது தெரிஞ்சா பெரியது நெருங்குதுன்னு அர்த்தம், ஆனா அந்த வழியலே ஒரு நாளைக்கு மேல நீடிக்கிறதும் உண்டு.

அதனால லாவா பாக்கவே போறோம்னு பொண்ணுகிட்ட சொல்லாதீங்க, எரிமலை பாக்கப் போறோம்னு சொல்லுங்க. பீறிடாத நாள்லயும் கல்டேரான்னு சொல்ற உச்சியில இருக்கிற அந்த பெரிய பள்ளத்து ஓரத்துல நின்னு கீழ பாத்தா, ஆவி புகையற அந்த அகலமே வேற மாதிரி இருக்கும்.

பொன்னி_சாரல்:

ரொம்ப நன்றிங்க, ரூமை மாத்திடறோம். அம்மா விஷயம் யாராவது சொல்லுங்களேன், அதான் மனசுல ஓடிட்டே இருக்கு.

குறிஞ்சிக்காடு:

அக்கா, நான் நர்ஸா இருக்கேன், ஆஸ்துமா இருக்கிற எங்க மாமியாரையும் கூட்டிட்டுப் போயிருக்கோம், அதனால சொல்றேன். கண்ணுக்குத் தெரியற புகையை விட தெரியாத சல்ஃபர் டை ஆக்சைடுதான் பிரச்சனை. லாவா பீறிடாத நாள்லயே தினம் 1,200லருந்து 1,500 டன் வெளிய வருது, பீறிடும்போது 50,000 டன்னைத் தாண்டிடும். அதனால உங்க பொண்ணு ஆசைப்படற நாள்தான் அம்மாவுக்கு ஆகாத நாளா இருக்கும், இதை இப்பவே வீட்ல பேசி முடிவு பண்ணிக்கோங்க. என்95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது, அதைப் போட்டுட்டு தைரியமா நிக்க வைக்காதீங்க.

எல்லாமே காத்தைப் பொறுத்தது. வழக்கமா வடகிழக்குல இருந்து காத்து அடிச்சு புகையை தென்மேற்கா காஉ பாலைவனம் பக்கம் தள்ளிடும், வடக்கு ஓரத்துல நிக்கறவங்களுக்கு தொந்தரவு இருக்காது. ஆனா நவம்பர்ல இருந்து அந்தக் காத்து அடிக்கடி ஓய்ஞ்சு தெற்கு காத்து திரும்பும், அப்ப புகை மட்டுமில்ல கல்லும் சாம்பலும் கண்ணாடி நூல் மாதிரி பீலேயோட முடின்னு சொல்ற துகளும் நேரா வியூபாயிண்ட் மேலயும் ஹைவே 11 மேலயும் விழும். அந்த நூல் கண்ல பட்டா கீறிடும், பொண்ணை கையால தொட விடாதீங்க. பார்க் வெப்சைட்ல ஒவ்வொரு இடத்துக்கும் காத்து எவ்வளவு மோசம்னு கலர் போட்டு காட்டுவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பாருங்க. மூச்சு இறுக்கமா இருக்குன்னு அம்மா சொன்ன அந்த நிமிஷமே கார்ல ஏத்தி, ஜன்னலை மூடி, ஏசியை உள்காத்து சுத்தற மாதிரி வச்சு அந்த இடத்தை விட்டு வெளிய வந்துடுங்க. நீங்க பாத்துட்டு வாங்க நான் இருக்கேன்னுதான் சொல்வாங்க, கேக்காதீங்க. போறதுக்கு முன்னாடி அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசி, இன்ஹேலர் எக்ஸ்ட்ராவா ஒண்ணு வாங்கிக்கோங்க.

மலைப்பாதை77:

சொல்ல வேண்டியதை ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, நான் குழந்தை பத்தி மட்டும். வேலி இருக்கேன்னு கையை விட்டுடாதீங்க. 2024 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ராத்திரி ஒரு சின்னக் குழந்தை வீட்டுக்காரங்க கையை விட்டு 400 அடி பள்ளத்தைப் பாத்து ஓடி, விளிம்புக்கு ஓரடி இருக்கறப்ப அம்மா பிடிச்சாங்கன்னு பார்க் நிர்வாகமே அறிக்கை விட்டுச்சு. விளிம்பு உறுதியான பாறையும் கிடையாது, எப்ப வேணா சரியும். 2018ல உச்சி உள்வாங்கினப்ப வந்த நில அதிர்வுல பாதை, ரோடு, ஜாகர் மியூசியம் எல்லாம் விரிசல் விட்டுச்சு.

டெவஸ்டேஷன் டிரெயில் பார்க்கிங்ல இருந்து கேயனாகாகோய் வியூபாயிண்ட் வரைக்கும் ஒரு மைல் தார் ரோடு, அம்மாவும் மெதுவா நடக்கலாம். லாவா இருக்கிற நாள்ல சாயங்காலம் பார்க்கிங் கிடைக்கவே கிடைக்காது, விடியறதுக்கு முன்னாடி போங்க, பார்க் 24 மணி நேரமும் திறந்திருக்கும். குளிருக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஆளுக்கு ஒரு டார்ச் கண்டிப்பா வேணும், பீச் டிரஸ்ல வந்து நடுங்கறவங்களை அங்க நிறைய பாப்பீங்க, 4,000 அடி உயரம்.

லாவா இல்லாத நாள்னா கிலாவேயா இக்கிங்கற பக்கத்துப் பள்ளத்துக்குப் போங்க, 1959ல லாவா ஏரி மாதிரி கொதிச்ச இடம், இப்ப அந்த உறைஞ்ச தரை மேலயே நடக்கலாம், விரிசல்ல இன்னும் ஆவி வரும். சுத்தி வர மூணேகால் மைல், இறங்கின 400 அடியை திரும்ப ஏறணும், அம்மா மேலயே இருக்கட்டும்.

ஹிலோ_மழை:

இன்னொண்ணு விட்டுப்போச்சு. ஹலேமாஉமாஉ இங்க இருக்கிற ஹவாய் மக்களுக்கு பீலே தெய்வம் குடியிருக்கிற இடம். யாராவது ஓரத்துல நின்னு மந்திரம் மாதிரி பாடிட்டு இருந்தா கேமராவை நீட்டாம கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்க. நம்ம வழக்கப்படி பூ பழம் வைக்கணும்னு அம்மாவுக்குத் தோணும், கையெடுத்து கும்பிட்டுட்டு வந்தா போதும், சாப்பாட்டுப் பொருள் வச்சா எலியும் எறும்பும்தான் வரும். ஒரு சின்னக் கல்லைக்கூட பையில போட்டுக்கக் கூடாது, அது சட்டப்படியே தப்பு. ரோட்டுல நேனேன்னு வாத்து மாதிரி ஒரு பறவை குறுக்க வரும், உலகத்துல ஹவாய்ல மட்டும்தான் காட்டுல வாழுது, மெதுவா ஓட்டுங்க, தீனி போடாதீங்க.

காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், கார்டு மட்டும்தான் வாங்குவாங்க. பார்க்குக்குள்ள பெட்ரோல் கிடையாது. செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் ரோட்ல கடல் வரைக்கும் இறங்கறதா இருந்தா ஹிலோவுலயே டேங்க்கை நிரப்பிடுங்க, அங்க கீழ தண்ணிகூட கிடைக்காது.