மொட்டை மாடிக்குக் கீழே வீடு, ராத்திரி அனல் தாங்கவில்லை – வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலூரில் மேல்மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. பகலைவிட ராத்திரிதான் கொடுமை. நாளெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் பத்து மணிக்கு மேலும் சூட்டைக் கீழே இறக்குகிறது. ஃபேன் போட்டால் அந்த அனல்தான் சுற்றுகிறது. அம்மாவுக்கு 74 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஏசி வாங்க இப்போது வசதியில்லை.

சன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கிறேன், மதியத்துக்கு நன்றாகவே இருக்கிறது. சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரம்தான் பலன். தென்னை ஓலை பரப்பலாம், ஆனால் தீப்பொறி பயம்.

மாடியில் வெள்ளை அடிக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். சுமார் 600 சதுர அடி. கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தவர்கள் இருக்கிறீர்களா? உதிராமல் ஒட்ட அதில் என்ன கலந்தீர்கள்? ஒரு மழைக்காலம் தாங்குமா? இல்லை, கூலிங் பெயின்ட்தான் சரியா? அப்புறம், ராத்திரி வீட்டுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்ததா என்பதையும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே வேலையைத் தொடங்க நினைக்கிறேன்.