பைபாஸுக்கு முன் மூச்சுத்தசைப் பயிற்சி: 15-ஐத் தாண்ட முடியவில்லை

பிசியோ நண்பர்களுக்கு, திருச்சியிலிருந்து. நோயாளிக்கு 64 வயது, சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) உள்ளவர். இதய பைபாஸுக்கு இன்னும் 12 நாள். வென்டிலேட்டரில் ஓரிரு நாள் சும்மா இருந்தாலே உதரவிதான நார்கள் மெலியும். அதற்குள் கொஞ்சம் வலு சேர்க்கப் பார்க்கிறோம்.

கருவி ஸ்பிரிங் வால்வு உள்ள த்ரெஷோல்ட் ஐஎம்டி; வைத்த அழுத்தத்துக்கு இழுத்தால்தான் வால்வு திறக்கும், 9 முதல் 41 செ.மீ. நீரழுத்தம் வரை வைக்கலாம். எம்ஐபி (மூச்சை உள்ளிழுக்கும் அதிகபட்ச அழுத்தம்) 40. அதில் 30 சதவீதம், அதாவது 12-ல் ஆரம்பித்து தினம் 20 நிமிடம். ஆறு நாள் சிக்கலே இல்லை, மூச்சுச் சிரமத்தை 0 முதல் 10 வரை சொல்லும் போர்க் அளவில் 4 சொன்னார்.

15-க்கு ஏற்றியதும் தோள் காதுவரை எழும்புகிறது, கழுத்துத் தசை புடைக்கிறது. பத்தாவது மூச்சில் வால்வு பாதியிலேயே டப்பென்று மூடிக்கொள்கிறது. எஸ்பிஓ2 (ரத்த ஆக்சிஜன் சதவீதம்) 94-லிருந்து 91. லேசான தலைசுற்றலும் உண்டு.

வேக மூச்சாக இருக்கலாமென்று நிமிடத்துக்கு 12 ஆகக் குறைத்தோம்; தலைசுற்றல் மட்டும் போனது. மவுத்பீஸ் ஓரம் கசிவில்லை, மூக்குக் கிளிப்பும் மாற்றியாயிற்று. இன்ஹேலர் எடுத்து 20 நிமிடம் கழித்துச் செய்தும், பத்து மூச்சுக்கு ஒரு நிமிட ஓய்வு விட்டும் அதே கதை. (மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் போதுமே என்கிறார்கள் வார்டில். அதில் தசைக்குப் போதிய பளு ஏறாது.)

மீதி நாட்களில் 12-லேயே நிறுத்திச் சுற்றுகளைக் கூட்டுவதா, 13, 14 என்று ஒவ்வொன்றாக ஏற்றுவதா?